"ரேம் அப்புறம் போட்டுக்கலாம்" என்ற பேச்சை நம்பி லேப்டாப் வாங்காதீர்கள்

"மேடம், இதுல ரேம் செருகற ஸ்லாட்டே கிடையாதே."

சர்வீஸ் செய்பவர் லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றிவிட்டு இதைச் சொன்னபோது, என் கையில் புதிதாக வாங்கிய 8 ஜிபி ரேம் இருந்தது. லேப்டாப் வாங்கிய அதே கடையில், அதே ஆளிடம், "இந்த லேப்டாப்புக்குத்தான்" என்று சொல்லி வாங்கியது. அவரும் பில் போட்டுக் கொடுத்தார்.

நான் கல்யாண ஆல்பம் வடிவமைப்பவள். படம் எடுப்பவர்கள் வேறு. அவர்கள் அனுப்பும் படங்களை நிறம் திருத்தி, பக்கங்களாக அடுக்கி, பிரின்ட் லேபுக்கு அனுப்புவது என் வேலை. பழைய லேப்டாப் ஒரு நாள் அப்படியே நின்றுபோக, கையில் வேலை இருந்த அவசரத்தில் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "பட்ஜெட் எவ்வளவு மேடம்?" என்ன வேலைக்கு என்று கேட்கவே இல்லை. நானாகத்தான் ஆல்பம், ஃபோட்டோஷாப் என்று சொன்னேன். அவர் ஒன்றை எடுத்து வைத்தார். "ரைசன் 5, 7000 சீரிஸ், லேட்டஸ்ட். ஃபுல் எச்டி, கலர் சூப்பரா இருக்கும். இப்போதைக்கு 8 ஜிபி போதும், வேணும்னா அப்புறம் 16 ஆக்கிக்கலாம்."

இந்தக் கடைசிப் பேச்சை நம்பித்தான் வாங்கினேன். ஃபோட்டோஷாப்புக்குக் குறைந்தபட்சம் 8 ஜிபி, 16 இருந்தால் நல்லது என்று அதைத் தயாரிக்கும் அடோபி நிறுவனமே சொல்கிறது. ஆல்பம் வேலைக்கு 8 எவ்வளவு நெருக்கடி என்று கணக்குப் போட்டாலே தெரியும். 12க்கு 36 அங்குல விரிப்பு (எதிரெதிர் இரு பக்கம்) ஒன்றை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் திறந்தால் ஏறக்குறைய 3 கோடியே 89 லட்சம் பிக்சல். ஒரு லேயருக்கே சுமார் 117 எம்பி. பத்து லேயர் போட்டால் 1 ஜிபி தாண்டிவிடும். விண்டோஸுக்கு ஒரு பங்கு போக வேண்டும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் கிராபிக்ஸும் இதே ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். இரண்டு விரிப்பைச் சேர்த்துத் திறந்தால் போதும், மவுஸ் அம்பு சுற்றத் தொடங்கிவிடும். சேமிக்கச் சொல்லிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

இரண்டு மாதம் பொறுத்துக்கொண்டு, பணம் சேர்த்து ரேம் வாங்கிய பிறகுதான் ஸ்லாட்டே இல்லை என்று தெரிந்தது. என் லேப்டாப்பின் பிராசசர் சிப் ரைசன் 5 7520யு. அந்தச் சிப் எல்பிடிடிஆர்5 என்ற வகை மெமரியை மட்டும்தான் ஏற்கும். என் லேப்டாப்பில் அது மதர்போர்டிலேயே கழற்ற முடியாதபடி சால்டர் செய்து ஒட்டப்பட்டிருக்கிறது. ஆகவே வாங்கிய அன்றைக்கு எவ்வளவோ, கடைசிவரை அவ்வளவுதான். விற்கிறவருக்கு இது தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். "போட்டுக்கலாம்" என்று வாக்குக் கொடுத்து, போட முடியாத ரேமையும் தலையில் கட்டியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ரேமைவிட ஸ்கிரீன்தான் எனக்குப் பெரிய அடி. ஃபுல் எச்டி என்பது 1920க்கு 1080 பிக்சல் என்ற எண்ணிக்கை மட்டும். நிறத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. என் ஸ்கிரீன் 45 சதவீத என்டிஎஸ்சி. என்டிஎஸ்சி என்பது 1953-இல் அமெரிக்கக் கலர் டிவிக்கு வகுத்த நிற அளவுகோல். அதில் 72 சதவீதம் இருந்தால் கம்ப்யூட்டர் ஸ்கிரீன்களுக்கு இன்று பொதுவாக வைத்திருக்கும் எஸ்ஆர்ஜிபி என்ற வரையறையின் நிறங்கள் கிட்டத்தட்ட முழுவதும் தெரியும். 45 என்றால் மூன்றில் இரண்டு பங்குகூட வராது. படங்கள் வெளிறித் தெரியும். வெளிறியிருக்கிறதே என்று நான் நிறத்தை ஏற்றினேன். அச்சாகி வந்த ஆல்பத்தில் மணப்பெண்ணின் முகமும் கழுத்தும் வெயிலில் காய்ந்தவர்போல் சிவந்திருந்தன. லேபின் மேல்தான் தவறு என்று முதலில் சண்டை போட்டேன், அதற்கு இன்றும் வருந்துகிறேன். முழு ஆல்பத்தையும் என் செலவில் மறுபடி அச்சிட்டுக் கொடுத்தேன். கலர் காலிபிரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். இருக்கிற நிறத்தை அது ஒழுங்குபடுத்தும்; ஸ்கிரீனால் காட்டவே முடியாத சிவப்பை எங்கிருந்து கொண்டுவரும்?

"7000 சீரிஸ் லேட்டஸ்ட்" என்பதும் பாதி உண்மை. அந்த வரிசையின் நான்கு இலக்கங்களுக்கு என்ன பொருள் என்று ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனம் 2022-இலேயே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. முதல் இலக்கம் எந்த ஆண்டின் வரிசை என்பது. உள்ளே இருக்கும் வடிவமைப்பின் தலைமுறையைச் சொல்வது மூன்றாவது இலக்கம். 7520-இல் அது 2, அதாவது 2019-இல் வந்த ஸென் 2. நான்கு கோர், அதாவது வேலை செய்யும் நான்கு பகுதிகள். 7530யு என்றால் ஸென் 3, ஆறு கோர். அடுத்தடுத்த எண்போலத் தெரிகிற இரண்டுக்கும் இவ்வளவு தூரம்.

திருப்பிக் கொடுக்கப் போனேன். "பெட்டியைப் பிரிச்சா ரிட்டர்ன் கிடையாது மேடம். ரேம் கூட்டலாம்னு பில்லுல எழுதியிருக்கா?" என்று கேட்டார். எழுதியிருக்கவில்லை. ரேமையும் உறை பிரித்துவிட்டதாகச் சொல்லித் திருப்பி வாங்கவில்லை.

இதைப் படிக்கிற யாராவது அடுத்த வாரம் லேப்டாப் வாங்கப் போவதாக இருந்தால், தயவுசெய்து முழு மாடல் எண்ணைக் கேளுங்கள். சீரிஸ் பெயர் போதாது. ஒரே பெயரில் வேறு வேறு ஸ்கிரீனும் ரேமும் வரும். பெட்டியின் ஸ்டிக்கரில் இருக்கும் நீளமான எண்தான் உங்கள் லேப்டாப். அதைப் போனில் தட்டித் தயாரிப்பாளரின் பக்கத்தில் பாருங்கள். ரேம் ஆன்போர்டா, ஸ்லாட்டா, அதிகபட்சம் எவ்வளவு என்று அங்கே இருக்கும். ஸ்கிரீன் வரியில் 45 சதவீத என்டிஎஸ்சியா, 100 சதவீத எஸ்ஆர்ஜிபியா என்று பாருங்கள். கடையில் டெமோ லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தொட்டால் ஃபார்ம் ஃபேக்டர் என்று ஒரு வரி. 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் ஒட்டியது, 'சோடிம்' என்றிருந்தால் கழற்றலாம். வாயால் சொல்லும் வாக்குறுதி எதுவானாலும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அதுவே பதில்.

அந்த லேப்டாப் மோசமான பொருள் என்று சொல்ல மாட்டேன். இப்போது அண்ணன் மகள் வைத்திருக்கிறாள். வகுப்புக்கும் கட்டுரை எழுதவும் அவளுக்கு நன்றாகவே உதவுகிறது, சார்ஜும் நிற்கிறது. என் வேலைக்கு அதைக் கொடுத்ததுதான் தவறு. நான் கடன் வாங்கி வேறொன்று எடுத்தேன். டிடிஆர்5 சோடிம், 8 ஜிபி, ஒரு ஸ்லாட் காலி, எஸ்ஆர்ஜிபி 100 என்று நானே படித்துப் பார்த்த பிறகு. காலியாக இருந்த ஸ்லாட்டில் அந்தக் கடைக்காரர் தலையில் கட்டிய ரேமைத்தான் போட்டிருக்கிறேன்.