இரவு முழுக்க ஈஈஜி பதிய எந்தக் கோப்பு: சிஎஸ்வி, டபிள்யூஎஃப்டிபி, ஈடிஎஃப்+

வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பல்கலைக்கழகச் செயற்திட்டத்துக்காக ஈசிஜி (இதய மின்னலை), ஈஈஜி (மூளை மின்னலை) பதியப் போகிறவருக்கு முதலில் கைக்கு வருவது சிஎஸ்விதான், அதாவது எண்களைக் காற்புள்ளியால் பிரித்து வரிவரியாக எழுதும் கோப்பு. ஐந்து நிமிடப் பதிவென்றால் அதுவே போதும். எட்டு மணிநேரத் தூக்கப் பதிவு வேறு விஷயம். மாரி மழைக்காலத்தில் நடுச்சாமத்தில் கரண்ட் போனால், அதுவரை பதிந்தது மிஞ்சுமா, மிஞ்சியதை வேறொருவர் திறந்து சரியான அளவில் படிக்க முடியுமா என்பதை வைத்துத்தான் கோப்பு வடிவத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். அந்தக் கணக்கில் நான், இப்படியான உடல் அலைகளுக்கென்றே உருவான ஈடிஎஃப்+ பக்கம்.

சிஎஸ்வி கரண்ட் போனாலும் தப்பும். கடைசி வரி மட்டும் அறுந்திருக்கும். ஆனால் அலகோ மாதிரி வீதமோ (விநாடிக்கு எத்தனை அளவீடு என்பது) அதற்குள் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எக்செல் தாளில் 1,048,576 வரிகள்தான் உண்டு. 256 ஹேர்ட்ஸில் அது 68 நிமிடங்களில் நிரம்பிவிடும். திறந்து பார்த்துவிட்டுச் சேமித்தால் மிச்ச இரவு போய்விடும்.

டபிள்யூஎஃப்டிபி, பிசியோநெட் என்ற இணையத் தரவுக் களஞ்சியத்தின் வடிவம். 360 ஹேர்ட்ஸில் உள்ள எம்ஐடி-பிஐஎச் ஈசிஜி தொகுப்பும் இதில்தான் இருக்கிறது. இதயத்துடிப்பை ஒவ்வொன்றாகக் குறிப்பதற்கு இதுதான் வசதி, அதில் எனக்கு மறுபேச்சில்லை. தொல்லை என்னவென்றால், தலைப்புக்கு (மாதிரி வீதம், அலகு போன்ற விவரங்களுக்கு) ஒரு கோப்பு, அலைக்கு ஒன்று, குறிப்புகளுக்கு இன்னொன்று. அலைக்கோப்பின் பெயரை மாற்றினால் தலைப்பால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. தலைப்பைப் பதிவின் முடிவில் எழுதும் மென்பொருளென்றால், கரண்ட் போனபின் மிஞ்சுவது மாதிரி வீதம்கூடத் தெரியாத வெறும் பைட்டுகள்.

பெரிய ஆய்வுத் தரவுகளுக்கான எச்டிஎஃப்5 என்ற வடிவமும் உண்டு, அது நன்றாகச் சுருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது நின்றால் கோப்பு முழுதுமே திறக்க மறுக்கக்கூடும். ஆய்வு முடிந்தபின் சேர்த்து வைக்க நல்லது. நேரடிப் பதிவுக்கு நான் சொல்லமாட்டேன்.

ஈடிஎஃப் 1992இல் வந்தது, குறிப்புகளையும் சேர்த்த ஈடிஎஃப்+ 2003இல். தலைப்பு வெறும் எழுத்து: பொது விவரத்துக்கு 256 பைட், பிறகு சேனலுக்கு 256 பைட். குறிப்பிடமும் ஒரு சேனலாகவே கணக்கு. அது பதிவின் தொடக்கத்திலேயே எழுதப்படுகிறது. அதன்பின் ஒரே அளவான துண்டுகள், ஒன்றன்பின் ஒன்றாக. எட்டு சேனல், 256 ஹேர்ட்ஸ், ஒரு விநாடித் துண்டு, அளவீட்டுக்கு 2 பைட், குறிப்புக்கு 120 பைட் என்றால் தலைப்பு 2,560 பைட், ஒரு துண்டு 4,216 பைட்.

பதிவு நடக்கும்போது துண்டு எண்ணிக்கை இருக்கும் இடத்தில் −1 நிற்கும். கரண்ட் போனால் அது அப்படியே நின்றுவிடும். சில மென்பொருள் இதைப் பார்த்ததும் கோப்புப் பழுது என்று சொல்லும். பழுதில்லை. கோப்பின் அளவு 59,871,060 பைட் என்று வையுங்கள். 2,560ஐக் கழித்து 4,216ஆல் வகுத்தால் 14,200 முழுத் துண்டுகள், மீதி 1,300 பைட். முதலில் கோப்பைப் பிரதி எடுங்கள். பிரதியின் வாலிலுள்ள 1,300 பைட்டை வெட்டுங்கள். கோப்பை பைட் பைட்டாகத் திருத்தும் ஹெக்ஸ் எடிட்டரில், பூச்சியத்திலிருந்து எண்ணி, 236ஆம் பைட்டில் 14200 என்று எழுதி மூன்று வெற்றிடம் விடுங்கள். அந்த இடத்துக்கு எட்டு எழுத்துத்தான். 3 மணி 56 நிமிடம் 40 விநாடிப் பதிவு கையில் வந்துவிடும். கரண்ட் வந்தபின் தொடர்வதைப் புதுக் கோப்பில் பதியுங்கள். இடைவெளியுள்ள ஈடிஎஃப்+ வகையும் உண்டு, ஆனால் இடைவெளியைக் கவனிக்காமல் ஒட்டிவிடும் மென்பொருளும் உண்டு.

இதற்கெல்லாம் தரவு உண்மையில் வட்டில் இறங்கியிருக்க வேண்டும். சொந்தமாக நிரல் எழுதினால் நினைவகத்தில் தேங்கியதை வட்டில் இறக்கும் கட்டளைகளைப் பத்து விநாடிக்கு ஒருமுறை கொடுங்கள்: ஃப்ளஷ், அதோடு எஃப்சிங்க். பென் ட்ரைவில் நேரடியாகப் பதியவே வேண்டாம்.

ஈடிஎஃப்+இன் பெரிய குறை 16 பிட். ஈஈஜி கருவிகளில் வரும் ஏடிஎஸ்1299 சிப் 24 பிட்; 24 மடங்கு பெருக்கத்தில் அதன் வீச்சு ±187.5 மில்லிவோல்ட். அந்த முழு வீச்சையும் 16 பிட்டில் அடைத்தால் ஒரு படி 5.7 மைக்ரோவோல்ட் ஆகிவிடும். 20 மைக்ரோவோல்ட் ஆல்பா அலை படிக்கட்டு மாதிரித் தெரியும். தாழ் அதிர்வெண் நகர்வை முதலில் வடிகட்டிவிட்டு வீச்சை ±3,200 மைக்ரோவோல்ட் என வைத்தால் படி 0.1க்குக் கீழே வரும். வடிகட்ட விருப்பமில்லை என்றால், ஏறக்குறைய இதே கட்டமைப்பில் 24 பிட் ஏற்கும் பயோசெமி வடிவத்துக்குப் போகலாம். எந்த வழியென்றாலும் வீச்சு எண் எட்டு எழுத்துக்குள் அடங்க வேண்டும், −187500.5 என்று கொடுத்தால் கடைசி எழுத்து வெட்டுப்பட்டுப்போகும்.

தலைப்பில் தமிழ் எழுத்து செல்லாது. நோயாளர் பெயர் அங்கே தேவையும் இல்லை. எக்ஸ் என்ற ஒற்றை ஆங்கில எழுத்தைப் போட்டு, இலக்கத்தை மட்டும் எழுதுங்கள். குறிப்புகள் யூடிஎஃப்-8 என்பதால் அங்கே தமிழ் செல்லும். ‘தலை சுத்துது’ என்று நோயாளர் சொன்னதை அந்த விநாடியிலேயே அப்படியே பதியலாம். ஆனால் ஒவ்வொரு குறியீட்டுக்கும், விசிறி, கொம்பு, குற்று உட்பட, மூன்று பைட் போகும். அந்த இரண்டு சொல்லுக்கே 34 பைட். நேரக்குறிகள் போக, 120 பைட்டில் ஏறத்தாழ நூறுதான் மிஞ்சும். நீளமாக எழுதுகிறவர் என்றால் பதிவு தொடங்கமுன் குறிப்பிடத்தை 240 பைட் ஆக்கிவிடுங்கள். தொடங்கியபின் மாற்ற வழியில்லை.