பொருள் அறிமுகச் செய்திக்குறிப்பு எழுத ஏஐ: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

புதுப் பொருள் ஒன்றுக்கு அறிமுகச் செய்திக்குறிப்பு எழுதித் தா என்று ஏஐயிடம் கேட்டால், ஒரு நிமிடத்துக்குள் முழு வடிவம் வந்துவிடுகிறது. தலைப்பு, ஊரும் தேதியும், முதல் பத்தி, நிர்வாகியின் மேற்கோள், நிறுவனக் குறிப்பு (நிறுவனத்தைப் பற்றிய கடைசிப் பத்தி) எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். வடிவத்தில் அது பிழை செய்வதில்லை. பிழை முழுவதும் உள்ளடக்கத்தில்தான். சாட்ஜிபிடி, க்ளாட், ஜெமினி ஆகிய மூன்று ஏஐ கருவிகளிலும் அந்தப் பிழைகளின் வகை ஏறக்குறைய ஒன்றே என்பதால், எது சிறந்தது என்ற ஒப்பீட்டுக்குள் போகவில்லை.

இதற்குக் காரணம் எளிது. நாம் தராத தகவல் இருக்க வேண்டிய இடத்தை அது வெறுமையாக விடுவதில்லை. இதுபோன்ற குறிப்புகளில் வழக்கமாக என்ன வருமோ அதை எழுதி நிரப்பிவிடும். பேட்டரி பற்றி ஒன்றும் சொல்லாவிட்டால் ‘நாள் முழுவதும் நீடிக்கும்’ என்று வரும். விற்பனை இடத்தைச் சொல்லாவிட்டால் ‘முன்னணிக் கடைகளில் கிடைக்கும்’ என்று வரும். ஆகவே வேலை தொடங்க வேண்டிய இடம் தகவல் தாள். பொருளின் பெயர் (எழுத்து மாறாமல்), மாடல் எண், ஒரே வாக்கியத்தில் அதன் பயன், யாருக்கானது, முந்தைய மாடலிலிருந்து என்ன மாறியது, விலை வரியோடா வரி இல்லாமலா, முன்பதிவுத் தேதி, விற்பனைத் தேதி, எங்கே கிடைக்கும், உத்தரவாதம், நிறுவனத்தின் சார்பில் பேசுபவரின் பெயரும் பதவியும், தொடர்பு விவரம். ஒவ்வொன்றுக்கும் த1, த2 என்று எண் கொடுங்கள்.

எண் கொடுப்பது அலங்காரம் இல்லை. இந்த முறையின் உயிரே அதுதான். ‘ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அது எந்தத் தகவலிலிருந்து வந்தது என்று எண்ணைக் குறி. தாளில் இல்லாதது தேவைப்பட்டால் தகவல் இல்லை என்று எழுது’ என்று கட்டளையில் சேர்த்தால், ஆதாரமில்லாத வாக்கியங்கள் தாமே வெளியே தெரியும். எண் இல்லாத வாக்கியத்தை அடித்துவிடலாம். எண் இருப்பதையும் நம்பிவிடாதீர்கள்: த7 என்று போட்டுவிட்டு த7-இல் இல்லாத ஒன்றைக் கூடுதலாகச் சொல்லியிருக்கும். ஆனால் முழுக் குறிப்பையும் சல்லடை போட்டுத் தேடுவதை விட, ஒரு வாக்கியத்தை ஒரு வரியோடு ஒப்பிடுவது மிக விரைவான வேலை.

அதிகம் தவறுவது எண்களில் இல்லை, எண்களைச் சுற்றியுள்ள சொற்களில். ‘10 மணி நேரம் வரை’ என்பதில் ‘வரை’ காணாமல் போய் 10 மணி நேரம் உறுதியாகிவிடும். ‘நிறுவனத்தின் உள் சோதனையில்’ என்ற நிபந்தனை சுருக்கும்போது உதிர்ந்துவிடும். முன்பதிவு தொடங்கும் நாள் விற்பனை தொடங்கும் நாளாகிவிடும். ‘எங்கள் வரிசையில் மிக இலகுவானது’ என்று கொடுத்தால் ‘மிக இலகுவானது’ என்று மட்டும் மிஞ்சும். அது சந்தை முழுவதற்குமான உரிமைகோரல், போட்டியாளர் கேள்வி கேட்கலாம். தேதிக்குப் பக்கத்தில் கிழமையை அதுவே சேர்த்தால், நாட்காட்டியில் பார்க்காமல் விடக்கூடாது. கடைசி வாசிப்பில் ‘வரை’, ‘முதல்’, ‘மட்டும்’, ‘சுமார்’, ‘சோதனையில்’ என்ற சொற்களைத் தகவல் தாளில் வட்டமிட்டு, அவை குறிப்பிலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பத்து நிமிட வேலை, பெரிய திருத்த அறிவிப்பைத் தவிர்க்கும்.

மேற்கோளை ஏஐ இட்டுக்கட்டவே கூடாது. ‘இந்த அறிமுகத்தில் பெருமகிழ்ச்சி அடைகிறோம்’ என்று அது எழுதும் மேற்கோளை எந்தச் செய்தியாளரும் எடுத்தாளமாட்டார், சொன்னதாகப் போடப்பட்டவரும் அதைச் சொல்லியிருக்கமாட்டார். பேசுபவரிடம் இரண்டு கேள்வி கேட்டுப் பதிவு செய்யுங்கள்: இதைச் செய்யும்போது எது கடினமாக இருந்தது, எதை வேண்டாமென்று விட்டீர்கள்? அந்தப் பேச்சின் எழுத்து வடிவத்தைக் கொடுத்து, ‘இதிலுள்ள சொற்களை மட்டும் கொண்டு இரண்டு வாக்கியமாகச் சுருக்கு’ என்று கேளுங்கள். அப்போதும் சற்று மெருகேற்றிவிடும். மூலத்தோடு ஒப்பிட்டபின் அவரிடமே ஒப்புதல் வாங்க வேண்டும்.

வரைவுக்கு முன்பே ஏஐ தரும் பயன் ஒன்று உண்டு. நீண்டகாலப் பயன்பாட்டில் மதிப்பு குறையாதது அதுதான். தகவல் தாளைக் கொடுத்து, ‘நீ இந்தத் துறையின் செய்தியாளர். இதை வைத்துச் செய்தி எழுத எந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லை?’ என்று கேட்டுப் பாருங்கள். பழைய மாடல் வைத்திருப்பவர்களுக்கு என்ன, உதிரி பாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும், இணையம் இல்லாவிட்டால் வேலை செய்யுமா என்று நாம் விட்டதையெல்லாம் எடுத்துவைக்கும். அறிமுகத்துக்கு முந்தைய நாள் பதறுவதை விட, தயாரிப்புக் குழுவிடம் அப்போதே கேட்டுவிடலாம்.

நடைக்காகப் பழைய குறிப்புகளை மாதிரியாகக் கொடுப்பது நல்ல வழி, ஆனால் அவற்றிலுள்ள விலை, தேதி, பதவி ஆகியவை புதிய வரைவுக்குள் கசியும். கொடுக்குமுன் அவற்றை அழித்துவிட வேண்டும். ‘400 சொற்களில் எழுது’ என்பதும் சரியாக நடப்பதில்லை. ‘ஐந்து பத்தி, பத்திக்கு மூன்று வாக்கியத்துக்கு மேல் வேண்டாம்’ என்றால் நடக்கிறது. திருத்தம் கேட்கும்போது, மாற வேண்டிய பத்தியை மட்டும் திருப்பித் தரச் சொல்லுங்கள். முழுக் குறிப்பையும் மீண்டும் எழுதவிட்டால், ஏற்கெனவே சரிபார்த்த பத்தியில் ஒரு சொல் மாறியிருக்கும், அது கண்ணில் படாது. இறுதிப் பிரதி உங்கள் கோப்பில் இருக்கட்டும், உரையாடலில் இல்லை. நிறுவனக் குறிப்பை ஏஐ தொடவே வேண்டாம். ஒப்புதல் பெற்றதை அப்படியே ஒட்டுங்கள்.

வெளியிடும்வரை பெயரும் விலையும் ரகசியம். 2023 மே மாதம், ஊழியர்கள் நிறுவனத்தின் மூலநிரலைச் சாட்ஜிபிடியில் இட்டது தெரிந்தபின் சாம்சங் இத்தகைய கருவிகளுக்குத் தடை விதித்தது. இலவசக் கணக்கில் பதிவிடுவது ஏஐயைப் பயிற்றுவிக்கப் பயன்படக்கூடும். அமைப்புகளில் அதை அணைக்க முடியுமா என்று பாருங்கள், அலுவலகக் கணக்கு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பெயருக்குப் பதில் குறியீடு வைப்பது கூடுதல் பாதுகாப்பு. தமிழில் இதில் ஒரு சிக்கல் உண்டு. ‘மாறன்’ என்று குறியீடு வைத்தால் வரைவில் மாறனை, மாறனின் என்று வரும். தேடி மாற்றும்போது ‘மாறன்’ மட்டும் சிக்கும், மற்றவை அப்படியே தங்கிவிடும். ‘பெயருக்குப் பின் எப்போதும் கருவி என்ற சொல்லைச் சேர்’ என்று சொன்னால் வேற்றுமை உருபு கருவியோடு ஒட்டும் (மாறன் கருவியை, மாறன் கருவியின்), பெயர் தனியே நிற்கும்.

நேரம் மிச்சமாகிறதா? முதல் வரைவில் ஆகிறது, அதில் பெரும்பகுதி சரிபார்ப்புக்குப் போய்விடுகிறது. உண்மையான மிச்சம் அதற்குப் பிறகுதான். ஒப்புதல் பெற்ற குறிப்பிலிருந்து துறை இதழுக்கான தொழில்நுட்ப வடிவம், விற்பனையாளருக்கான கேள்வி-பதில், சமூக வலைதளப் பதிவுகள், படக் குறிப்புகள் என்று பிரித்தெடுக்கும் வேலையில் அது நன்றாக உழைக்கிறது, ஏனெனில் மூலம் ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டது. பொருளைத் திரும்பப் பெறும் அறிவிப்பு, விபத்து பற்றிய விளக்கம், பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனத்தின் பங்கு விலையைப் பாதிக்கும் தகவல் ஆகியவற்றுக்கு இந்த முறையைப் பயன்படுத்த வேண்டாம். அவற்றைச் சட்டக் குழுவோடு உட்கார்ந்து கையால் எழுதுங்கள்.