முகாம் தீக்கு விறகு: சுமந்து வருவதா, அங்கே வாங்குவதா, பொறுக்குவதா?

நூறு பேர் கூடும் முகாம் என்றால் கூடாரம், சாப்பாடு, தண்ணீர் என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுகிறோம். விறகு மட்டும் "அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று நின்றுவிடுகிறது. பிறகு இருட்டில் ஆளுக்கொரு திசையில் டார்ச்சோடு சுள்ளி தேடுகிறோம். சில முகாம்களுக்கு விறகுப் பொறுப்பைச் சுமந்தவன் என்ற முறையில், இருக்கிற வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் வருவது வீட்டு விறகு. கொல்லையில் அடுக்கியிருப்பதை வண்டியில் ஏற்றிக்கொண்டால் செலவில்லை, நன்றாகக் காய்ந்தது என்ற நிச்சயமும் உண்டு. ஆனாலும் நான் இதைத்தான் கடைசியில் வைப்பேன். காரணம் பூச்சி. வட அமெரிக்காவில் ஆஷ் மரங்களைத் துளைக்கும் மரகதப் பச்சை வண்டு ஒன்று 2002-ல் டெட்ராய்ட் நகரை ஒட்டிக் கண்டறியப்பட்டது. பிறந்தது ஆசியாவில். அதன் பிறகு அங்கே கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் பட்டுப்போயின. வண்டு தானாகப் பறந்து போகும் தூரம் குறைவு. அதைத் தொலைதூரம் கொண்டுபோனதில் மனிதர்கள் வண்டியில் ஏற்றிய விறகுக்குப் பெரிய பங்கு உண்டு.

"என் விறகில் ஓட்டை ஒன்றும் இல்லையே" என்பார்கள். அந்த வண்டின் புழு பட்டைக்கு அடியில் ஓராண்டு, சில சமயம் ஈராண்டு கிடக்கும். சுமார் 3 மில்லிமீட்டர் ஓட்டை தெரிவது, வளர்ந்த வண்டு வெளியேறிய பிறகுதான். அதாவது ஓட்டை இல்லாத கட்டையில்தான் பூச்சி உள்ளேயே இருக்கக்கூடும். கண்ணால் பார்த்து இதைத் தீர்மானிக்க முடியாது. 80 கிலோமீட்டர் தாண்டிக் கொண்டுபோவது கூடவே கூடாது, 16 கிலோமீட்டருக்குள் கிடைப்பதே நல்லது என்பது அங்கே சொல்லப்படும் பொதுவான அளவு. பூச்சி வேறாக இருக்கும் நாடுகளிலும் இந்த அளவை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது காட்டில் பொறுக்குவது. தனியாகவோ இரண்டு பேராகவோ போகும்போது எனக்கு இதைவிடப் பிடித்தது இல்லை. அந்த இடத்தில் அனுமதி இருக்க வேண்டும், கீழே விழுந்த காய்ந்த கிளையாக இருக்க வேண்டும், மணிக்கட்டுப் பருமனைத் தாண்டாமல் கையால் ஒடியவேண்டும். இந்த மூன்றும் போதும். பெருங்கூட்டத்துக்கு இந்தக் கணக்கு சரிவராது. ஒரு தீ மூன்று நான்கு மணி நேரம் எரிய 15 கிலோவாவது போகும் என்பது என் அனுபவம். பத்துத் தீ, இரண்டு இரவு என்றால் 300 கிலோ. அவ்வளவையும் சுற்றுவட்டாரத்திலிருந்தே எடுத்தால் தரை மொட்டையாகிவிடும். விழுந்து மக்கும் மரம் வண்டுக்கும் காளானுக்கும் வீடு, மண்ணுக்கு உரம். நின்றபடி பட்டுப்போன மரத்தில் பறவைகள் பொந்து வைத்திருக்கும், அதில் கோடரி வைக்கவே கூடாது. இன்னொன்று, பெயர் தெரியாத மரம் வேண்டாம். அரளிக் குச்சியின் புகையே நஞ்சு.

கூட்டத்துக்கு நான் தேர்வு செய்வது, முகாமை ஒட்டியுள்ள விறகு வியாபாரியிடம் மொத்தமாக, முன்கூட்டியே வாங்குவது. பூச்சி ஊர் மாறாது, காடும் தப்பிக்கும், ஆளுக்கு ஆள் அலைய வேண்டாம். இதில் ஒரே ஒரு பள்ளம் உண்டு, அதில் நான் விழுந்திருக்கிறேன். ஒருமுறை "காய்ந்த விறகு" என்று சொல்லி ஒரு வண்டி நிறையப் பச்சை விறகு வந்து இறங்கியது. கட்டையின் முனையில் தண்ணீர் நுரைத்தது, குழந்தைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு கூடாரத்துக்குள் போய்விட்டார்கள். புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீராகவே இருக்கலாம். அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே நெருப்பின் சக்தி போய்விடும், நமக்கு மிஞ்சுவது புகை. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ் வந்தால்தான் நல்ல விறகு.

இறக்குவதற்கு முன்பே சோதியுங்கள். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், பச்சை 'மொத்'தென்று அடங்கும். முனையில் நட்சத்திரம்போல் வெடிப்பு ஓடியிருக்க வேண்டும், பட்டை எளிதில் கழன்று வர வேண்டும். ஈரமானி இருந்தால் ஒரு கட்டையைப் பிளந்து உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். வெளிப்புறத்தில் வைத்தால் ஏமாற்றும்.

சூளையில் வெப்பமூட்டி விற்கும் பொட்டல விறகும், மரத்தூளை அழுத்திச் செய்த கட்டியும் சிறு குழுவுக்கு நல்லவை. அமெரிக்காவில் பல இடங்களில், விறகின் நடுப்பகுதி 60 டிகிரி செல்சியஸில் 60 நிமிடம் இருந்தால் பூச்சிக்கு எதிரான சான்று கிடைக்கும். அப்படிச் சான்று பெற்ற பொட்டலத்தைத் தொலைவிலிருந்தும் கொண்டுவரலாம். தூள் கட்டியில் ஈரம் பெரும்பாலும் 10 சதவீதத்துக்கும் கீழே, அதனால் புகை குறைவு. ஆனால் மழை பட்டால் ஊதி உதிர்ந்துவிடும். மெழுகு கலந்ததென்றால் அதன்மேல் எதையும் சுடக் கூடாது. பெரிய கூட்டத்துக்கு விலையும் கட்டுப்படியாகாது. நெருப்பு சடசடவென்று பேசுவதும் இதில் இல்லை, அது எனக்கு ஒரு குறைதான்.

பழைய பலகை, சரக்கு அடுக்கும் மரத் தட்டு (பேலட்)? பெயின்ட் அடித்தது, பிளைவுட், பூச்சிக்கு மருந்தேற்றிய மரம் எதுவும் வேண்டாம். செம்பும் குரோமியமும் ஆர்சனிக்கும் ஏற்றிய பழைய மரத்தின் சாம்பலில் அந்த ஆர்சனிக் தங்கிவிடும். சரக்குத் தட்டில் 'எச்டி' (HT) முத்திரை இருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, 'எம்பி' (MB) என்றால் மெத்தில் புரோமைடு வாயு ஏற்றியது. முதலாவதை எரிக்கலாம், ஆனால் ஆணிகள் சாம்பலில் கிடக்கும். வெறுங்காலோடு குழந்தைகள் ஓடும் இடத்தில் நான் அதையும் சேர்ப்பதில்லை.

மொத்தமாக வாங்கும்போது சுள்ளியையும் சிராயையும் தனியே கேளுங்கள். வெறும் தடிக்கட்டையை வைத்துத் தீ மூட்ட முடியாது. சீக்கிரம் பற்றும் இலகு மரம் கொஞ்சம், நின்று தணலாகும் வைரம் பாய்ந்த மரம் மிச்சம் என்று கலந்து எடுங்கள். குறுக்குக் கட்டை போட்டுத் தரையிலிருந்து உயர்த்தி அடுக்கி, மேலே மட்டும் தார்ப்பாய் போடுங்கள், பக்கங்களில் காற்று புகுந்து வரட்டும். கடைசி நாள் மீதியிருந்தால், பொறுப்பாளரிடம் கேட்டு அடுத்து வருகிறவர்களுக்காக அங்கேயே விட்டுவிடுங்கள். வீட்டிலிருந்து கொண்டுவரக் கூடாது என்பதற்குச் சொன்ன காரணம் வீட்டுக்குத் திரும்பும் வண்டிக்கும் பொருந்தும்.