மாருதி 800-க்கு வெளிச்சந்தை ஸ்டியரிங்: நான்கு வருடம் ஓட்டிய பிறகு

எங்கள் வீட்டு மாருதி 800, 2004 மாடல். அப்பா வாங்கியது, இன்றும் கோவையில் தினசரி ஓடுகிறது. 2020 கோடையில் அதன் ஸ்டியரிங் பிசுபிசுக்க ஆரம்பித்தது. மத்தியான வெயிலில் நிறுத்திவிட்டு வந்து பிடித்தால் உள்ளங்கையில் கறுப்பாக ஒட்டும். கவர் போட்டுப் பார்த்தேன். அது வளைவில் வழுக்கியது, இன்னும் மோசம். 2021 ஜனவரியில் 35 சென்டிமீட்டர் விட்டமுள்ள தோல் சுற்றிய வெளிச்சந்தை ஸ்டியரிங் ஒன்றை, அதாவது கார் கம்பெனி தராத, வெளிக்கடையில் கிடைப்பதை, வாங்கி வீட்டு வாசலிலேயே மாட்டினேன். அதற்குப் பிறகு முப்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டியாகிவிட்டது.

முதலில் ஒன்று. என் வண்டியில் ஏர்பேக் கிடையாது. உங்கள் ஸ்டியரிங்கின் நடுவில் ஏர்பேக் இருந்தால் இதை நினைக்கவே வேண்டாம். இந்தியாவில் 2019 ஜூலையிலிருந்து புதுக் கார்களுக்கு ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். அதைக் கழற்றி எறிந்துவிட்டு அழகான ஸ்டியரிங் சக்கரம் மாட்டுவது உயிரோடு விளையாடுவது. அப்புறம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று சொன்னது. அதனால் பழைய ஸ்டியரிங்கைத் தூக்கிப் போடாமல் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். 2024இல் ஆர்.சி. புதுப்பிக்கப் போனபோது அதைத்தான் மாட்டி ஓட்டிப் போனேன்.

கடைக்குப் போனால் எல்லோரும் சக்கரத்தைத்தான் பார்க்கிறோம். நானும் அப்படித்தான். ஆனால் உயிர் இருப்பது பாஸ் கிட்டில். ஸ்டியரிங் ஷாஃப்டின் பற்களில் உட்கார்ந்து, மறுபக்கம் சக்கரத்தை ஆறு போல்ட்டில் தாங்கும் துண்டு அது. நான் முதலில் வாங்கியது மலிவான வார்ப்பு. ஏழாவது மாதம் நெடுஞ்சாலையில் போகும்போது விரல் நுனிக்குத் தெரிகிற அளவில் ஒரு சின்ன ஆட்டம். கழற்றிப் பார்த்தால் உள்பற்கள் சில இடங்களில் மழுங்கியிருந்தன. அன்று மாலையே பழைய ஸ்டியரிங்கை மாட்டிவிட்டேன். இரண்டு வாரம் தேடி, கடைசல் பிடித்துச் செய்த கனமான பாஸ் கிட் ஒன்றை மூன்று மடங்கு விலையில் வாங்கினேன். இன்றுவரை அசையவில்லை. காசை மிச்சம் பிடிக்க வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

போல்ட் துளைகளையும் பார்த்து வாங்குங்கள். மோமோ, ஸ்பார்கோ கம்பெனி வகைச் சக்கரங்களில் ஆறு துளைகளும் 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் இருக்கும். நார்டியில் 74. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும், ஆனால் ஒன்றில் மற்றது ஏறாது.

மாட்டும் வேலை ஒரு மணி நேரம். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, முன் சக்கரங்களை நேராக வைத்து, ஹாரன் மூடியை எடுத்தால் நடு நட் தெரியும். நட்டை முழுவதும் எடுக்காதீர்கள். மூன்று நான்கு மரை மிச்சம் வைத்து, ஷாஃப்டிலும் சக்கரத்திலும் வெள்ளைப் பெயிண்டில் ஒரே கோடு போட்டுவிட்டு, சக்கரத்தை இழுத்துக் கழற்றும் புல்லரை வையுங்கள். சக்கரம் 'டக்'கென்று விடுபடும்போது அந்த நட்தான் அதை முகத்தில் அடிக்காமல் நிறுத்தும். ஷாஃப்டின் தலையில் சுத்தியலால் அடிக்கவே கூடாது. மரை கெடும், விபத்தில் மடங்கும்படி அமைந்த ஸ்டியரிங் தண்டாக இருந்தால் உள்ளே இருக்கிற ஊசிகளும் முறியும். கடைசி இறுக்கத்துக்கு, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வேண்டும், கைக்கணக்கு வேண்டாம். அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது. பாஸ் கிட்டின் பின்பக்கக் காது இண்டிகேட்டர் வளையத்தில் சரியாக உட்கார்ந்தால்தான் திரும்பி முடித்ததும் இண்டிகேட்டர் தானாக அணையும்.

ஹாரன் ஒருமுறை படுத்தியது. இடதுபக்கம் முழுதாக ஒடித்தால் தானாகவே அலறும். காந்திபுரம் சிக்னலில் பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஹாரன் பட்டன் செய்வது ஒரு வயரை எர்த்தில் தொட வைப்பது மட்டும்தான். பாஸ் கிட்டின் கூரான ஓரத்தில் உரசி வயரின் தோல் உரிந்திருந்தது. ஓரத்தை அரத்தால் ராவிவிட்டு, வயருக்குச் சுருங்கும் ஸ்லீவ் போட்டேன். அதோடு சரி.

ஓட்டும் சுகத்தைச் சொல்லியாக வேண்டும். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். பழைய மெல்லிய பிளாஸ்டிக் வளையத்தோடு ஏறினால் மேலே போய்ச் சேரும்போது விரல்கள் விறைத்திருக்கும். தடித்த தோல் பிடியில் அது இல்லை. கை குறைவாக நகர்கிறது, வண்டி சொல்வது தெளிவாகக் கேட்கிறது. நான்கு கோடைக்குப் பிறகும் தோல் வெடிக்கவில்லை. பத்து மணி, இரண்டு மணி இடங்களில் மட்டும் பளபளப்பு ஏறியிருக்கிறது. மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைப்பேன், வெயிலில் நிறுத்தினால் மேலே ஒரு துண்டு போடுவேன்.

குறை என்றால், 800-க்குப் பவர் ஸ்டியரிங் கிடையாது. பழைய சக்கரம் 38 சென்டிமீட்டர், இது 35. அதே திருப்பத்துக்கு எட்டு சதவீதத்துக்குச் சற்று மேல் கூடுதலாக இழுக்க வேண்டும். ஓடும்போது தெரியாது. நிறுத்தும் இடத்தில் தெரியும். ஸ்பீடோமீட்டரின் மேல்பகுதியும் கொஞ்சம் மறைகிறது.

எனக்கு அது பெரிதில்லை. அம்மாவுக்குப் பெரிது. காய்கறிக்கும் கோயிலுக்கும் அவர்தான் இந்த வண்டியை எடுத்துப் போவார், வலது தோளில் வலி உண்டு. முதல் வருடம் எதுவும் சொல்லவில்லை. ஒருநாள் எங்கள் சந்துக்குள் திருப்பும்போது இரண்டு கையாலும் இழுத்துவிட்டு, ஒரு நொடி நிறுத்தித் தோளைத் தடவிக்கொண்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மாட்டுவதற்கு முன் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். காற்று குறைந்தாலும் டயர் அகலமானாலும் ஸ்டியரிங் இன்னும் கனக்கும், அதனால் இப்போது வாரம் தவறாமல் டயர் காற்று பார்க்கிறேன், அகல டயர் பக்கம் போகவில்லை. வண்டி லேசாக உருளும்போதே ஒடிக்க அவரும் பழகிவிட்டார். அதே ஆறு துளை வட்டத்தில் 37 சென்டிமீட்டர் சக்கரம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். பாஸ் கிட்டைத் தொட வேண்டியதில்லை. இந்த முறை அம்மாவையும் கடைக்குக் கூட்டிப் போகிறேன், அவர் பிடித்துப் பார்த்துச் சரி என்றால்தான் வாங்குவேன்.