காலி லாரியில் பழகினால் போதுமா? காரைக்குடிப் பக்கத்துப் பயிற்சிப் பள்ளி ஒன்று

காரைக்குடி வட்டாரத்தில் கனரக வாகனம் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி இது. வண்டியைத் திருப்பவும் காற்றழுத்தத்தில் வேலை செய்யும் ஏர் பிரேக்கைப் புரிந்துகொள்ளவும் நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். லோடு ஏற்றிய வண்டியை ஓட்டத்தான் சொல்லித் தருவதில்லை. லாரி ஓட்டிப் பிழைக்கப் போகிறவருக்கு அது சின்னக் குறை அல்ல.

பயிற்சி வண்டி ஆறு டயர் லாரி. பயிற்சியாளர் பக்கமும் கிளட்ச், பிரேக் பெடல்கள் உண்டு. ஸ்டார்ட் செய்ததும் கிளம்ப விடுவதில்லை. காற்று மீட்டர் முள் ஏறி, எச்சரிக்கை பஸ்ஸர் நிற்கும் வரை காத்திருக்க வைக்கிறார்கள். ஏர் பிரேக் வண்டியில் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து வைப்பது ஸ்பிரிங், விடுவிப்பதுதான் காற்று. டேங்கில் காற்று குறைந்தால் பின்சக்கரம் தானே பிடித்துக்கொள்ளும். ஓட்டத்தில் பஸ்ஸர் கத்தினால் வண்டியை உடனே ஓரங்கட்டியாக வேண்டும். சும்மா சும்மா பிரேக்கை மிதித்து மிதித்து விட்டால் காற்று தீரும் என்பதை மீட்டரைக் காட்டியே புரியவைக்கிறார்கள். காலையில் ஏர் டேங்கின் அடி வால்வைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுவது, இரட்டை டயர்களைக் கம்பியால் தட்டிச் சத்தம் கேட்பது, நடுவில் சிக்கிய கல்லை எடுப்பது எல்லாம் தினசரி வேலை.

பள்ளியின் பெரிய பலம் தெருப் பயிற்சி. கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கத்துத் தெருக்கள் நேராக ஓடிச் செங்குத்தாகத் திரும்புபவை. இடப்பக்கம் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். கார் பழக்கத்தில் முனை வந்ததுமே ஸ்டியரிங்கை ஒடித்தால் பின்டயர் சாக்கடை மூடியில் ஏறிவிடும். ஓட்டுநர் இருக்கை முனையைத் தாண்டிய பிறகே ஒடிக்க வேண்டும். கண் இடப்பக்கக் கண்ணாடியில், பின்டயரின் மேல் இருக்க வேண்டும். அதே நேரத்தில் பின் ஆக்சிலுக்கு அப்பால் நீண்டிருக்கும் பாடி வலப்பக்கம் வீசும். முகப்புத் தூணில் உரசுவது பெரும்பாலும் அந்த வால்தான். இதைப் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறார்கள். பாராட்ட வேண்டிய விஷயம்.

ரிவர்ஸ் பயிற்சிக்கு அவ்வளவு நேரம் ஒதுக்குவதில்லை. புதுவயல் அரிசி ஆலைகளில் லோடு ஏற்றப் போகிறவருக்கு, களத்துக்குள் பின்னால் போய் மேடையை ஒட்டி நிறுத்துவதுதான் அன்றாட வேலை. கிளீனரின் குரலை மட்டும் நம்பாமல் இரண்டு கண்ணாடியையும் மாறிமாறிப் பார்க்கவும், சந்தேகம் வந்தால் இறங்கிப் பார்க்கவும் பழக்க வேண்டும்.

இப்போது அந்த முக்கியக் குறை. காலியாக ஆறு டன்னை ஒட்டி இருக்கும் வண்டி, முழு லோடில் 18.5 டன் வரை போகலாம். காலி வண்டி இரண்டாம் கியரிலேயே நகர்ந்துவிடும். அதே பழக்கத்தில் லோடு வண்டியைக் கிளப்பினால் கிளட்சைப் பாதி மிதித்தபடியே, ஹாஃப் கிளட்சில், இழுக்க வேண்டிவரும், கிளட்ச் பிளேட் கருகும். ரயில்வே மேம்பால ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது இது உடனே தெரியும். பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் கூடும். கண்மாய்க் கரைச் சாலையில் எதிர்வண்டிக்கு ஒதுங்கும்போது காலி வண்டியைத் தாங்கும் செம்மண் ஓரம், மழைக்குப் பிறகு லோடு வண்டியின் இடப்பக்க டயரை அப்படியே உள்ளே வாங்கிக்கொள்ளும். வைக்கோல் போல உயரமாக ஏற்றியிருந்தால் கவிழவும் செய்யும். பாதி லோடாவது எம்-சாண்ட் ஏற்றிச் சில நாட்கள் ஓட்டவைத்தால் இவ்வளவும் கைக்கு வந்துவிடும். சேரும்போதே இதைக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

நம் சீமையில் மலைச்சாலை இல்லாததால், புகை வெளியேறும் வழியை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைச் சுவிட்ச் என்று காட்டுவதோடு விட்டுவிடுகிறார்கள். நீண்ட இறக்கத்தில் கால் பிரேக்கையே நம்பினால் டிரம் சூடேறி லைனிங் பிடிப்பை இழக்கும். இறங்கத் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட வேண்டும் என்பதையாவது அழுத்திச் சொல்ல வேண்டும்.

இரவுப் பயிற்சியும் கிடையாது. தைப்பூசத்தை ஒட்டிக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடப்பவர்கள் விடியும் முன்பே சாலையோரம் போவார்கள். எதிர்வெளிச்சத்தில் கண் கூசும்போது வேகத்தைக் குறைத்து, இடப்பக்க ஓரக் கோட்டைப் பார்த்து ஓட்டும் பழக்கம் பகலில் வராது.

காகித வேலையில் குழப்பம் இல்லை. 20 வயது நிறைந்திருக்க வேண்டும், இலகுரக உரிமம் எடுத்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும், மருத்துவச் சான்றுக்குப் படிவம் 1ஏ. பள்ளி தரும் பயிற்சிச் சான்றான படிவம் 5 இல்லாமல் போக்குவரத்து வாகன உரிமம் கிடைக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு இந்த உரிமம் 5 ஆண்டு செல்லும். விதிப்படி 30 நாள் பயிற்சி, ஓட்டும் நேரம் குறைந்தது 15 மணி. ஒரே வண்டியில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்பதால், ஸ்டியரிங் உங்கள் கையில் இருந்த நேரத்தை மட்டும் தினமும் நோட்டில் குறித்துப் பயிற்சியாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.