“லேடீஸ் கட்” என்று விற்கப்படும் ரைடிங் ஜக்கெட்டுகள்: கொழும்பில் வாங்கப் போகும் பெண்களுக்கு ஓர் எச்சரிக்கை

கொழும்பில் மோட்டார் சைக்கிளோ ஸ்கூட்டரோ ஓடும் பெண்கள், பாதுகாப்பு ஜக்கெட் வாங்கப் போவதற்கு முன் இதை முழுமையாக வாசிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தலைக்கவசங்களும் ரைடிங் உடைகளும் விற்கும் ஒரு கடையில், பெண்களுக்கென்றே தைக்கப்பட்டது என்று சொல்லி ஆண்களின் ஜக்கெட் ஒன்றை 42,000 ரூபாவுக்கு எனக்கு விற்றார்கள். அதனுள் இருந்த ஆமர் தட்டுகள், அதாவது விழும்போது அடியைத் தாங்கும் பாதுகாப்புத் தட்டுகள், அவர்கள் சொன்ன தரத்தில் இருக்கவில்லை. திருப்பிக் கொடுக்கப் போனபோது, அவர்களுடைய தையற்காரரே வெட்டித் தைத்த தையலைக் காரணம் காட்டி மறுத்துவிட்டார்கள். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர்கள் கையாண்ட முறையை விவரமாக எழுதுகிறேன். அதே முறையில் வேறு கடைகளிலும் பெண்களிடம் பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

நான் வெள்ளவத்தையிலிருந்து பொரளைக்கு மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்பவள். காலி வீதியில் பஸ்களுக்கும் முச்சக்கர வண்டிகளுக்கும் நடுவே ஓடும் ஒருவர் விழ நேர்ந்தால், பெரும்பாலும் குறைந்த வேகத்தில் பக்கவாட்டாகவே விழுவார். அப்போது உள்ளங்கை, முழங்கை, தோள், இடுப்பு, முழங்கால் ஆகியவைதான் தரையில் அடிபடும். ஆகவே வெயிலுக்குத் தாங்கும் வலைத்துணியில், அந்த இடங்களில் ஆமர் நகராமல் நிற்கும் ஒரு ஜக்கெட் வேண்டும் என்று கடையில் தெளிவாகவே சொன்னேன்.

கடைக்காரர் உள்ளே போய் எடுத்துவந்த ஜக்கெட்டில் இளஞ்சிவப்பு அட்டை ஒன்று தொங்கியது. அதில் ஒரு பெண்ணின் உருவமும் “லேடீஸ்” என்ற சொல்லும் அச்சிடப்பட்டிருந்தன. “மிஸ், இது லேடீஸ் கட் தான். ஆமர் எல்லாம் சீ.ஈ. லெவல் டூ. வெளியில இந்த விலைக்கு எடுக்கவே ஏலாது” என்றார். சீ.ஈ. என்பது ஐரோப்பியத் தரக் குறி, லெவல் டூ என்பது அதில் கூடிய பாதுகாப்பைத் தரும் நிலை. போட்டுப் பார்த்தேன். மார்புப் பகுதியில் ஸிப் ஏறவில்லை. ஒரு சைஸ் பெரியதைக் கொடுத்தார். ஸிப் ஏறியது, ஆனால் தோள் இரண்டு விரற்கடை வெளியே தள்ளி நின்றது, கையின் நீளம் மணிக்கட்டைத் தாண்டியது, இடுப்பில் காற்றுப் புகுந்தது. அதைச் சொன்னதும், “அது பிரச்சினை இல்ல மிஸ், எங்கட டெய்லர் இருக்கிறார், ஃப்ரீயா ஒல்டர் பண்ணித் தருவம். ரெண்டு கிழமை போட்டா உடம்புக்கு செட் ஆகிடும்” என்றார். பணத்தை முதலில் வாங்கிக்கொண்டு, “ஜக்கெட் - 1” என்று மட்டும் எழுதிய பற்றுச்சீட்டைத் தந்தார்.

இந்த இலவசத் தையலைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். சாதாரண உடையை உடம்புக்கு ஏற்பப் பிடித்துத் தைக்கலாம். ரைடிங் ஜக்கெட்டில் ஆமர் நிற்கும் இடம் தோளின் அகலத்தையும் கையின் வெட்டையும் பொறுத்தது, அந்த இரண்டையும் பக்கத் தையலைப் பிடித்து மாற்ற முடியாது. கையை முழுவதுமாகக் கழற்றி மீண்டும் பொருத்தினால்தான் தோள் சரியாகும், அந்த வேலையைக் கடைத் தையற்காரர் செய்ய மாட்டார். என்னுடைய ஜக்கெட் திரும்பி வந்தபோது இடுப்பு ஒடுங்கியிருந்தது. தோளும் கையும் முன்பு இருந்தபடியே இருந்தன. தொழிற்சாலையில் இரட்டைத் தையல் போட்டிருந்த இரு பக்கங்களையும் வெட்டிவிட்டு, சாதாரண நூலால் ஒற்றைத் தையல் ஓட்டியிருந்தார்கள். தரையில் இழுபடும்போது பெரும்பாலும் முதலில் பிரிவது தையல்தான் என்பதால், அதுவரை அந்த உடையில் இருந்த கொஞ்சப் பலமும் அங்கே போய்விட்டது.

வண்டியில் ஏறி ஹேண்டிலைப் பிடித்தபோது மற்றக் குறைகளும் தெரிந்தன. கை மடங்கியதும் முழங்கை ஆமர் எலும்பை விட்டு நழுவி, முன்கையின் உட்பக்கம் போய் நின்றது. ஒரு விரலால் தள்ளினாலே கையைச் சுற்றி வந்தது. முன்னால் சாய்ந்தால் ஜக்கெட்டின் பின்பக்கம் மேலே ஏறி இடுப்புக்கு மேல் ஒரு சாண் அளவு வெளியே தெரிந்தது. பெண்களுக்கென்று உண்மையாகவே வெட்டப்பட்ட ஜக்கெட்டில் தோள் குறுகி, மார்பில் டார்ட் எனும் மடிப்புத் தையல் பிடித்து, இடுப்பெலும்பு விரியும் இடத்தில் ஸிப்போ பட்டியோ வைத்து விட்டிருப்பார்கள். மேற்கையிலும் முன்கையிலும் இறுக்கிக்கொள்ளப் பொத்தான்களோ பட்டிகளோ இருக்கும். அவற்றில் ஒன்றுகூட இதில் இல்லை. கழுத்தின் உட்பக்கத்தில் ஏதோ ஒரு லேபலை வெட்டி எடுத்த நூல் நுனிகள் மட்டும் நின்றன. உட்பையைப் புரட்டிப் பார்த்தபோது, அங்கே வெட்ட மறந்த சிறிய லேபல் ஒன்றில் “மென்ஸ் - எம்” என்று இருந்தது.

அந்த வாரம் லண்டனிலிருந்து வந்திருந்த என் சித்தியின் மகளும் அங்கே வண்டி ஓடுபவள். அவள் தன் ஜக்கெட்டையும் என்னுடையதையும் கட்டிலில் அருகருகே விரித்து, இரண்டிலிருந்தும் முழங்கை ஆமரைக் கழற்றினாள். “அக்கா, ரெண்டையும் அமத்திப் பாருங்கோ” என்றாள். அவளுடையது கனமாக, வளைந்த கிண்ண வடிவில், அமுக்கினால் மெதுவாகவே இறங்கியது. அந்த ஆமரின் பின்புறத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் ஓட்டுநரின் சின்னமும், ஈ.என். 1621-1 என்ற ஐரோப்பியத் தர இலக்கமும், முழங்கைக்கான ஈ என்ற எழுத்தும், லெவலும் வார்ப்பிலேயே பதிந்திருந்தன. என்னுடையது தட்டையான கறுப்பு ஸ்பொஞ்ச். பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவில் ஒன்றையொன்று உணர்ந்தன. அதில் இருந்தது சீ.ஈ. என்று அச்சிட்ட ஒட்டுத்தாள் மட்டும். நகத்தால் சுரண்டியதும் கழன்று வந்தது. முதுகில் இருந்ததும் பாய் போன்ற அதே ஸ்பொஞ்ச்தான். முதுகுக்கு வெறும் ஸ்பொஞ்ச் வைத்து விற்பது நல்ல கம்பனிகளிலும் உண்டு, ஆனால் அவர்கள் அதை லெவல் டூ என்று சொல்வதில்லை.

அந்த லெவல்களுக்கு அளந்து பார்க்கக்கூடிய அர்த்தம் உண்டு. ஐரோப்பியச் சோதனையில் ஆமரின் மேல் 50 ஜூல் அளவான அடி கொடுத்து, அதைக் கடந்து மறுபக்கம் வரும் விசையை அளப்பார்கள். தோள், முழங்கை, முழங்கால், இடுப்பு ஆமர்களுக்கு அதன் சராசரி 35 கிலோநியூட்டனுக்குள் இருந்தால் லெவல் 1, 20க்குள் இருந்தால் லெவல் 2. முதுகுக்கு ஈ.என். 1621-2 என்ற தனித் தரம் உண்டு. அதில் லெவல் 1க்கு எல்லை 18, லெவல் 2க்கு 9. 40 பாகை வெப்பத்திலும் சோதித்துத் தேறியிருந்தால் டீ+ என்ற குறி இருக்கும், எங்கள் வெயிலுக்கு அது பார்த்து வாங்க வேண்டிய குறி. ஆமருக்குக் கிடைத்த சான்று ஜக்கெட்டின் துணிக்கும் தையலுக்கும் கிடைத்த சான்று ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் கடைகளில் இந்த இரண்டையும் கலந்தே பேசுகிறார்கள். முழு உடைக்கும் 2020இல் வெளியான ஈ.என். 17092 என்ற தரம் இருக்கிறது. அதில் உயர்ந்ததிலிருந்து ஏஏஏ, ஏஏ, ஏ என்று உராய்வையும் தையற் பலத்தையும் வைத்து வகுப்புகள் உண்டு. பீ என்பது ஆமர் இல்லாத உடை, சீ என்பது ஆமரைத் தாங்குவதற்கான உள்ளுடை மாத்திரம். நகரத்துக்குள் வெயிலில் ஓடுபவருக்கு ஏ வகுப்பு உடை பொருத்தமானது. இந்த வகுப்பும், தயாரித்தவரின் பெயரும் முகவரியும் உடைக்குள் தைத்த லேபலில் இருக்க வேண்டும். தொங்கும் அட்டையை யாரும் அச்சிட்டு மாட்டலாம்.

இவற்றையெல்லாம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். உட்பையின் லேபலைக் காட்டியதும் கடைக்காரரின் பேச்சு மாறியது. முதலில் “லேடீஸும் ஜென்ட்ஸும் ஒரே மொடல்தான்” என்றார். ஒட்டுத்தாளைக் காட்டியபோது “கொம்பனி அப்படித்தான் அனுப்புறாங்க” என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, “ஒல்டர் பண்ணின சாமானை எடுக்க ஏலாது மிஸ், அதை இனி யாருக்கு விக்கிறது?” என்று முடித்துவிட்டார். வெட்டச் சொன்னதும் அவர், வெட்டியதும் அவருடைய ஆள். வெட்டுவதற்கு முன்பே அது பெண்களின் ஜக்கெட் அல்ல என்பதும் அவருக்குத் தெரியும், இல்லாவிட்டால் கழுத்து லேபலை எடுத்திருக்கத் தேவையில்லை. பொருந்தாத பொருளை விற்று, அதைத் திருப்ப முடியாத பொருளாக அவர்களே மாற்றிவிடுவதற்குத்தான் அந்த இலவசத் தையல் பயன்பட்டது. கொழும்பில் பெண்களின் அளவில் பாதுகாப்பு உடை அரிதாகக் கிடைப்பதை இவர்கள் நன்றாக அறிவார்கள். வேறு எங்கே போவீர்கள் என்ற தைரியத்தில்தான் இப்படி நடந்துகொள்கிறார்கள். எலும்பைக் காக்கும் என்று நம்பி ஒருத்தி போட்டுக்கொண்டு வீதியில் இறங்கும் ஒன்றில் இதைச் செய்வது எனக்கு மிகுந்த கோபத்தைத் தருகிறது.

எனவே வாங்கப் போகிறவர்கள் உங்கள் வண்டியையே கடை வாசலுக்குக் கொண்டு போங்கள். வேலைக்குப் போடும் உடையின் மேலேயே ஜக்கெட்டை அணிந்து, வண்டியில் அமர்ந்து, ஹேண்டிலைப் பிடித்தபடி, கூட வந்தவரை உங்கள் முழங்கை ஆமரைக் கையால் பிடித்துத் திருப்பச் சொல்லுங்கள். அது எலும்பை விட்டுச் சுற்றி வந்தால் அந்த ஜக்கெட் உங்களுடையது அல்ல. கண்ணாடியின் முன் நின்று பார்க்கும்போது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். ஆமரை வெளியே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், பைக்குள் இருக்கும்போது கையால் தடவிப் பார்த்து எதையும் அறிய முடியாது. முதுகு ஆமர் இடுப்பிலிருந்து தோள் வரையான நீளத்தை வைத்து அளவிடப்படுவது, அந்த அளவு அதன் சின்னத்திலேயே சென்ரிமீற்றரில் இருக்கும். காற்சட்டை வாங்கினால் நின்றபடி முழங்கால் ஆமரைப் பார்க்காதீர்கள், காலை மடக்கி அமர்ந்து பாருங்கள். கையுறையில் விரல் நுனியில் துணி மிஞ்சினால் பிரேக் லீவரில் சிக்கும். பொதியைத் திறந்து பார்க்கவிடாத ஒன்லைன் விற்பனையில் இவை எதையும் செய்ய முடியாது.

தைத்துத் தருகிறோம் என்று சொன்னால் மறுத்துவிடுங்கள். பட்டியை இறுக்கியும் பொருந்தாத ஜக்கெட்டைத் தையலால் பொருந்தச் செய்ய முடியாது. பற்றுச்சீட்டில் மொடல், சைஸ், பெண்களுக்கானது என்ற விவரம், ஆமரின் லெவல் ஆகியவற்றை எழுதித் தரச் சொல்லுங்கள். உண்மையைச் சொல்லி விற்பவர் அதை எழுதத் தயங்கமாட்டார்.

பொருளின் தரத்தைப் பற்றிப் பொய் சொல்லி விற்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி குற்றமாகும். அந்த அதிகாரசபையை 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்து வழிகாட்டல் பெறலாம். ஆனால் முறைப்பாட்டை எழுத்து மூலம், பொருளை வாங்கி 3 மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். நான் பற்றுச்சீட்டு, இளஞ்சிவப்பு அட்டை, உட்பை லேபலின் படம், கழன்ற ஒட்டுத்தாள் ஆகியவற்றுடன் கொடுத்திருக்கிறேன். ஜக்கெட்டையும் சான்றாக வைத்திருக்கிறேன், யாருக்கும் விற்கவோ கொடுக்கவோ போவதில்லை. கழுத்து லேபல் வெட்டப்பட்டு, இளஞ்சிவப்பு அட்டை தொங்கவிடப்பட்ட இதே வகை ஜக்கெட் உங்களிடமும் இருந்தால், முதலில் முழங்கை ஆமரைக் கழற்றிப் பாருங்கள். ஸ்பொஞ்ச் என்றால் வீசிவிடாதீர்கள். பற்றுச்சீட்டுடன் பத்திரப்படுத்தி, அந்த 3 மாதங்கள் முடிவதற்குள் உங்கள் முறைப்பாட்டையும் கொடுங்கள்.