சியோலின் ஓடையும் மெடெயினின் மலைச்சரிவும்

ஹார்வர்டு பல்கலைக்கழகம் நகர வடிவமைப்புக்காக வழங்கும் வெரோனிகா ரட்ஜ் கிரீன் பரிசை 2010இல் சியோலின் சொங்கியெசொன் ஓடை மீட்புத் திட்டமும், 2013இல் கொலம்பியாவின் மெடெயின் நகர வடகிழக்கு ஒருங்கிணைப்புத் திட்டமும் பெற்றன. சியோல் மாநகராட்சி 2003இல் உயர்மட்டச் சாலையை இடிக்கத் தொடங்கி, அதனடியில் மூடிக்கிடந்த ஓடையைச் சுமார் 5.8 கிலோமீட்டர் நீளத்துக்கு மீட்டு, 2005இல் மக்களுக்குத் திறந்துவிட்டது. கரையோர வெப்பம் தணிந்தது. மீன்களும் பறவைகளும் திரும்பின. ஆயினும் அங்கே ஓடும் நீரில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து மின்விசையால் இறைக்கப்படுவது; சாலையோர வியாபாரிகள் பலர் இடம்பெயர நேர்ந்ததையும் மறுக்க முடியாது.

அழகில் சியோல் முந்தினாலும், நகரம் கைவிட்டிருந்த ஏழைக் குடியிருப்புகளைத் தேடிச் சென்ற மெடெயினுக்கே நான் முதலிடம் தருவேன். 2004இல் மெட்ரோ ரயிலோடு இணைந்த கம்பிவட ஊர்தி மலைச்சரிவை எட்டியபின், நகராட்சியின் வளர்ச்சி நிறுவனம் நிலையங்களைச் சுற்றிப் படிக்கட்டுகள், சிறு பூங்காக்கள், நடைபாதைகள் ஆகியவற்றைக் குடியிருப்போரிடம் கலந்து பேசியே அமைத்தது. கும்பல் மோதல்களால் பிரிந்து கிடந்த அந்தலுசியா, லா பிரான்சியா பகுதிகளை, ஓடைப் பள்ளத்தின் குறுக்கே அமைந்த ஒரு நடைபாலம் சேர்த்துவைத்தது; எதிர்க்கரைக்கு நடந்து போவதே அதுவரை அச்சம் தருவதாக இருந்தது. மலையுச்சியில் 2007இல் திறக்கப்பட்ட நூலகம் மட்டும் கட்டுமானக் குறைகளால் பின்னர் பல ஆண்டுகள் மூடிக்கிடந்தது.